அண்ணன் நெஞ்சிலிருந்து உருவிய இரண்டு வயர்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் அண்ணனின் மணிக்கட்டைக் கடித்தேன். விளையாட்டுக் கடி இல்லை. தோலைக் கிழித்துக்கொண்டு பல் உள்ளே இறங்கிய கடி. அவன் விரல்களில் சுற்றியிருந்தது அவனுடைய நெஞ்சுக்குள்ளிருந்து வெளியே வந்த ஒரு வயர். அதை அவன் இழுத்துக்கொண்டிருந்தான். விடு விடு என்று கத்திப் பார்த்தேன். விரல்களைப் பிரித்துப் பார்த்தேன். இரும்பு மில்லில் பத்து வருஷம் கேபிள் இழுத்த கை அது. நாற்பத்திரண்டு கிலோ எடையை வைத்துக்கொண்டு நான் வேறென்ன செய்ய முடியும்? கடித்தேன்.

அந்த வயர் அவனுக்குள் போய் அப்போது எட்டு வருஷம் ஆகியிருந்தது. இருபது வயதில், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் முதன்முதலாகச் சேர்ந்த மில்லில், பன்னிரண்டடி உயரத்தில் கேபிள் பதித்துக்கொண்டிருந்தவன் அப்படியே கீழே விழுந்தான். எல்லோரும் ஷாக் அடித்தது என்றுதான் நினைத்தார்கள். ஆஸ்பத்திரியில் பார்த்தால் நாடி நிமிஷத்துக்கு முப்பத்திரண்டு. இதயத்தின் மேல் அறையிலிருந்து கீழ் அறைக்கு இறங்க வேண்டிய மின்சாரம் பாதி வழியில் நின்றுபோகிறதாம். இடது காறை எலும்புக்குக் கீழே தோலைக் கிழித்து, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பேஸ்மேக்கர் ஒன்றை வைத்துத் தைத்தார்கள். அதிலிருந்து இரண்டு வயர்கள் ரத்தக்குழாய் வழியாகவே போய் இதயத்துக்குள் இறங்கின. மேல் அறைக்கு ஒன்று, கீழ் அறைக்கு ஒன்று.

உலையின் காந்தப்புலம் பெட்டியைக் குழப்பிவிடும், உலை பக்கம் போகாதே என்றார்கள். உலை பக்கம் போகாத வேலை எங்கள் ஊரில் யாருக்கு இருக்கிறது? அடுத்த மில்லில் சேரும்போது தோள்பட்டை எலும்பு உடைந்து பிளேட் வைத்த தழும்பு என்று சொல்லிவிட்டான். எட்டு வருஷம் அந்தப் பொய்யிலேயே ஓடியது.

அந்த மில்லுக்குள் ஒரே ஒருமுறை போயிருக்கிறேன். பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் இடம். சிவக்கக் காய்ந்த கம்பி உருளைகளுக்கு நடுவே ஓடும்போது எங்காவது சிக்கினால் திசைமாறித் துள்ளிப் பாயும். அப்படிப் பாய்ந்த கம்பி ஒருவரின் தொடையைத் துளைத்துக்கொண்டு போனதையும், துளையிலிருந்து ரத்தம் வராமல் புகை வந்ததையும் அண்ணன் சோறு தின்றுகொண்டே எங்களுக்குச் சொல்வான். அம்மா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விடுவாள். நான் மிச்சத்தையும் கேட்பேன்.

அவனும் அந்த மில் மாதிரிதான். கோபம் வந்தால் கைதான் முதலில் பேசும். பொன்னேரி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் ஒருவன் என் தோளில் இடித்தான் என்பதற்காக அவனைத் தூணோடு சேர்த்து வைத்து அறைந்தவன். நெஞ்சில் ஒரு பெட்டி இருக்கிறதே, அதில் அடி விழுந்தால் என்ன ஆகும் என்ற யோசனையே கிடையாது.

எட்டாவது வருஷம் பேட்டரி தீர்ந்து, பழைய பெட்டியை எடுத்துவிட்டுப் புதியது வைத்தார்கள். வயர்கள் பழையவைதான். தையல் பிரித்த மறுவாரமே வேலைக்குப் போய்விட்டான். ஆறு மாதத்தில் அந்த இடம் வீங்கியது. சட்டை ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தது. கொப்புளம் என்றான். வியர்க்குரு என்றான். தோல் மெலிந்து மெலிந்து, உள்ளே சுருட்டி வைத்த வயரின் ஒரு வளையம் நைலான் கயிறு மாதிரி வெளியே தெரிந்தது. அப்போதும் எங்களிடம் காட்டவில்லை.

அவன் காட்டியது மில்லில் ஒரு ஃபிட்டரிடம், அதுவும் சட்டைக்கு மேலேயே, கட்டி என்று சொல்லி. எங்கள் ஊர் மில்களில் இப்படி ஒருவர் எப்போதும் இருப்பார். யார் கையில் இரும்புப் பிசிறு ஏறினாலும், யாருக்குக் கட்டி வந்தாலும் டிஸ்பென்சரிக்குப் போவதில்லை. போனால் பெயர் எழுதுவார்கள், பெயர் எழுதினால் கேள்வி வரும். பிளேடைக் கேஸ் கட்டரின் நெருப்பில் காட்டிவிட்டு அந்த ஆள் கீறிவிடுவார். அந்த ஃபிட்டர் அப்படிப்பட்டவர். கை நடுங்காது என்று பெயர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா சர்ச்சுக்குப் போயிருந்தாள். நான் பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே பேச்சுக் குரல் கேட்டது.

"இன்னாடா இது, உள்ள கேபிள் ஓடுது!" இது ஃபிட்டர்.

"அதாண்ணே. அது அழுகிப்போச்சு. அதை உருவிட்டா சீழ் நின்னுடும்."

ஈரக் கையோடு ஓடினேன். அண்ணன் சட்டையில்லாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நெஞ்சில் கட்டைவிரல் நீளத்துக்குக் கீறல். மஞ்சளும் சிவப்புமாக வயிறுவரை வழிந்து வேட்டியில் இறங்கிக்கொண்டிருந்தது. கீறலுக்குள் பெட்டியின் விளிம்பு பளபளத்தது. அந்த நாற்றத்தை எழுதத் தெரியவில்லை. எங்கள் கேஸ் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஃபிட்டர் கையில் பிளேடு.

"ண்ணா, இன்னா பண்றே?"

"நீ போடி அந்தாண்ட. துணியைத் துவை."

"அதைத் தொடாதே, செத்துடுவே."

"ஏய் படிச்ச கழுதை, கேளு. உள்ள ரெண்டு லைன் குடுத்திருக்கான். ஒண்ணு மெயினு, ஒண்ணு ஸ்டாண்ட்பை. கெட்டுப்போன லைனைக் கழட்டினா இன்னொன்னுல ஓடும். எங்க மில்லுல மொத்தமும் அப்படித்தான் ஓடிக்கினு இருக்குது."

ஒரு மில் எலெக்ட்ரீஷியன் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. அவன் சொன்ன வேகத்தில் எனக்கே ஒரு நொடி சரியாக இருக்குமோ என்று தோன்றிவிட்டது. ஆனால் நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். அவனுடைய பெட்டியைப் பற்றி பஜார் நெட் சென்டரில் உட்கார்ந்து படித்துத் தள்ளியிருந்தேன். அவை மெயினும் ஸ்டாண்ட்பையும் இல்லை. மேல் அறை வயர் போனால் சமாளிக்கலாம். கீழ் அறை வயர் போனால் ஆள் போய்விடுவான். வெளியே நீட்டிக்கொண்டிருந்தது எது என்று யாருக்குத் தெரியும்?

"ண்ணா, ரெண்டும் வேற வேற லைன். ஒண்ணு..."

சொல்லி முடிப்பதற்குள் விரலில் இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்தான்.

வரவில்லை. வந்துவிடும் என்று நினைத்திருப்பான் போல. முகத்தில் ஆச்சரியம் தெரிந்தது. காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு மறுபடி இழுத்தான். நெஞ்சுக்கு உள்ளே எங்கேயோ சுருக்கென்று பிடித்திருக்க வேண்டும், வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அப்போதுதான் கடித்தேன். அவன் கை உதறியது. நான் விடவில்லை. இன்னொரு தடவை உதறியது. பிறகு கண்கள் மேலே ஏறின. என் பற்களில் தொங்கிய கையோடு பக்கவாட்டில் சரிந்தான். தலை தரையில் மோதிய சத்தம், தேங்காய் உடைகிற சத்தம்.

விரல்கள் தளர்ந்து வயர் தொய்ந்தது. கழுத்தில் கை வைத்தேன். ஒன்றுமில்லை. கன்னத்தில் அறைந்தேன், நெஞ்சில் குத்தினேன், தாயே அப்பனே என்று வாயில் வந்ததையெல்லாம் கத்தினேன். அப்புறம் ஒரு துடிப்பு. அப்புறம் இன்னொன்று. ஃபிட்டர் வாசலில் நின்றபடி, "தங்கச்சி, நான் வேணான்னுதான் சொன்னேன், நான் வேணான்னுதான் சொன்னேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சர்ச்சிலிருந்து வந்த அம்மா பைபிளைக் கீழே வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். தெருமுனைவரை அந்த ஆளைத் துரத்தித் துரத்தி அடித்தாள். கை நடுங்காத மனிதர் ஒரு அடியைக்கூடத் தடுக்கவில்லை.

சென்னையில் முதலில் பார்த்த ஆஸ்பத்திரியில், நெஞ்சு எலும்பை நடுவில் அறுத்துத் திறந்துதான் வயர்களை எடுக்க வேண்டும் என்றார்கள். எடுக்காமல் விடவும் முடியாது. சீழ் வயர் வழியாகவே ரத்தத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ராத்திரிக் காய்ச்சலில் கட்டில் ஆடும் அளவுக்கு அவன் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. மருந்தெல்லாம் சும்மா தள்ளிப்போடத்தான், வயர் உள்ளே இருக்கிறவரை சீழ் நிற்காது என்று சொல்லிவிட்டார்கள். நெஞ்சைத் திறக்காமல், போன வழியாகவே உருவி எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று நான் படித்திருந்தேன். யார், எங்கே என்று மூன்று நாள் ஒவ்வொரு வார்டாக நச்சரித்தேன். கடைசியில் ஒரு நர்ஸ், "அந்த டாக்டரம்மாவைப் போய்ப் பாரு, எங்களை விட்டுடு" என்று வேறொரு ஆஸ்பத்திரிக்கு வழி சொன்னார்.

அந்த டாக்டரம்மா ஐந்தடி உயரம்கூட இல்லை. அண்ணன் அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"இந்தம்மாவா இழுக்கப் போறாங்க? நானே இழுத்து வரலியே" என்று என் காதில் சொன்னான். காய்ச்சலில் அவனுக்குக் குரலை அடக்கத் தெரியவில்லை.

"அதனாலதான் வரலை" என்றார் அவர். "நீ இழுத்த. நான் சும்மா இழுக்க மாட்டேன்."

ஒரு காகிதத்தை எடுத்து வரைந்து காட்டினார். எட்டு வருஷத்தில் வயரைச் சுற்றித் தழும்பு வளர்ந்து ரத்தக்குழாயோடு சேர்த்துக் கட்டிவிட்டிருக்கிறது. வெறுமனே இழுத்தால் வயரோடு குழாயும் கிழிந்துகொண்டு வரும். வயரின் நடுவில் மயிரிழை அளவுக்கு ஒரு துளை உண்டு. அதற்குள் ஒரு மெல்லிய கம்பியை முனைவரைக்கும் அனுப்பி உள்ளேயே பூட்டிவிடுவார்கள். பிறகு வயரின் மேலேயே ஒரு குழலை மாட்டி, திருகித் திருகித் தழும்பை அறுத்துக்கொண்டு இறங்குவார்கள். இதயத்தின் சுவரை அடைந்ததும் குழல் சுவரை அழுத்திப் பிடித்துக்கொள்ளும், பூட்டிய கம்பியை இழுப்பார்கள். ஒரு கை தள்ள வேண்டும், ஒரு கை இழுக்க வேண்டும்.

அண்ணனின் முகம் மாறியது. இது அவன் தொழில்.

"பைப்புக்குள்ள கேபிள் புடிச்சிக்கினா நாங்க சோப்புத் தண்ணி ஊத்துவோம் மேடம். நீங்க இன்னா ஊத்துவீங்க?"

"ரத்தம் இருக்கே. போதாதா?"

அவன் சிரித்தான். பத்து நாளில் முதல் சிரிப்பு.

அப்புறம் டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டினார். கீழ் அறைக்குப் போகிற வயரில் ஓர் இடத்தில் விரலை வைத்தார். உள்ளே இருக்கும் சுருள் அங்கே பிரிந்து, இழுத்துவிட்ட ஸ்பிரிங் மாதிரி நீண்டிருந்தது.

"பூட்டுக் கம்பி இதைத் தாண்டிப் போகலைன்னா முனையைப் பிடிக்க முடியாது. வெளிப்பக்கத்தைப் பிடிச்சுத்தான் இழுக்கணும். அறுந்தாலும் அறுந்துடும். குழாய் கிழிஞ்சா நெஞ்சைத் திறக்க எங்களுக்குச் சில நிமிஷம்தான் கிடைக்கும். பக்கத்துலேயே சர்ஜன் நிப்பார். அப்பவும் பிழைப்பான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

அந்த வயர் நீண்டது அவன் இழுத்தபோதா, நான் கடித்ததில் அவன் கை உதறியபோதா? இரண்டு தடவை உதறியது. எனக்கு நன்றாகத் தெரியும், எண்ணியிருந்தேன். டாக்டரம்மாவிடம் தனியாகப் போய்ச் சொன்னேன். "என்ன படிக்கிற?" என்றார்.

"இன்ஸ்ட்ருமென்டேஷன், மேடம். நான் உள்ள இருந்து பாக்கணும்."

"முடியாது."

"கண்ணாடிக்கு இந்தாண்ட நின்னு பாக்கறேன். பேச மாட்டேன்."

"மயக்கம் போட்டு விழுந்தா உன்னைத் தூக்க ஆள் இல்லை."

"விழ மாட்டேன்."

சம்மதப் படிவத்தில் இருந்ததை நான் வாசித்துக் காட்டியதும் அம்மா அதைக் கிழித்தாள். நாலாக, எட்டாக. நர்ஸ் இன்னொன்று கொண்டுவந்தார். அண்ணன் தன் இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை அம்மாவின் விரல்களுக்கு நடுவில் செருகி, அந்தக் கையைத் தன் கையால் அழுத்திப் பிடித்தான். "போடும்மா. இல்லாட்டி இந்தச் சீழுலயே போய்டுவேன்." அம்மா போட்ட கையெழுத்து அவள் பெயர் மாதிரியே இல்லை.

காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும், திரைகளைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியனும். உள்ளே நடக்கும் பேச்சு ஒரு ஸ்பீக்கரில் கேட்டது. முகம் மூடிக் கிடந்தது என் அண்ணன் என்று நம்புவதற்கு, துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதங்கள் மட்டும்தான் இருந்தன. மூலையில் ஒரு ஸ்டூலில் சர்ஜன் கையுறையோடு உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்து மேசையில் எலும்பு அறுக்கும் ரம்பம்.

முதலில் தொடை வழியாகத் தற்காலிக வயர் ஒன்றை இதயத்துக்குள் அனுப்பினார்கள். அது துடிக்க வைக்க ஆரம்பித்ததும் பெட்டியை அறுத்து எடுத்து ஒரு கிண்ணத்தில் போட்டார்கள். டங்கென்று கேட்டது. மேல் அறை வயர் அரைமணியில் வந்துவிட்டது. நான் குதித்தேன். டெக்னீஷியன் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

இரண்டாவது வயரில் பூட்டுக் கம்பி பாதியில் முட்டியது. டாக்டரம்மா அதை வெளியே எடுத்து, முனையை வளைத்து, மறுபடி அனுப்பினார். முட்டியது. ஆறு தடவை எண்ணினேன், ஏழாவதில் எண்ணுவதை விட்டுவிட்டேன். "சரி, இங்கேயே பூட்டு" என்று ஸ்பீக்கரில் கேட்டது. வயரின் வெளித்தோலையும் கம்பியையும் சேர்த்து நூலால் இறுக்கிக் கட்டினார். குழலை மாட்டினார். திருகினார். காறை எலும்புக்கு அடியில் ஏதோ சுண்ணாம்பு மாதிரி இறுகிப்போயிருந்ததாம், அதை அறுக்கும்போது கரகரவென்ற சத்தம் ஸ்பீக்கரில் வந்தது. மனிதனுக்குள்ளிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று நான் நினைத்ததில்லை. ஒவ்வொரு திருகலுக்கும் குழலின் ஓரமாக ரத்தம் கொப்பளித்துத் துணியில் பரவியது.

அந்த ஐந்தடி டாக்டரம்மா ஒரு முக்காலிமேல் ஏறி நின்று, முழங்கையை மடக்கி, உடம்பு மொத்தத்தையும் பின்னால் சாய்த்து இழுத்தார். மேசையில் கிடந்த உடம்பு அவர் பக்கம் நகர்ந்தது. இரண்டு பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். திரையில் இதயத்தின் அடிச்சுவர் அப்படியே உள்ளே குவிந்து, கூடாரத்தின் உச்சி மாதிரி மேலே ஏறியது. வயர் விடவில்லை. சதைதான் கூடவே வந்தது.

"பிரஷர் அறுபது. ஐம்பது. மேடம், விடுங்க! விடுங்க!"

விட்டார். சுவர் தன் இடத்துக்குப் போனது. அறுபது, எண்பது, நூறு.

மறுபடி. ஐம்பது. நாற்பது. "விடுங்க!" சர்ஜன் எழுந்து நின்றுவிட்டார்.

மூன்றாவது தடவை டாக்டரம்மா இழுத்தபோது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதை டெக்னீஷியன் பிறகு சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இரண்டு முஷ்டியாலும் கண்ணாடியில் குத்திக்கொண்டு, "இழு, இழு, இழுடி" என்று கத்தியிருக்கிறேன். டாக்டரை. அண்ணன் செத்துவிடுவான் என்பது அந்த நேரத்தில் என் புத்தியிலேயே இல்லை. அந்த வயரை வெல்ல வேண்டும், அதைப் பிய்த்து எறிய வேண்டும், அவ்வளவுதான். சிவக்கக் காய்ந்த கம்பி பாய்ந்த கதையை அண்ணன் சொல்லும்போது நான் மட்டும் ஏன் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தேன் என்பது அங்கேதான் எனக்குப் புரிந்தது. அந்த அறிவு எனக்குப் பிடிக்கவில்லை.

திரையில் முனை துள்ளியது. டாக்டரம்மா பின்னால் சாய்ந்து விழப்போனார், யாரோ தாங்கினார்கள். வயர் முழுசாக அவர் கையில் இருந்தது. முனையில் சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சதை.

பிரஷர் ஏறவில்லை. நாற்பத்தைந்து. நாற்பத்தொன்று. நெஞ்சின்மேல் ஸ்கேன் கருவியை வைத்து, இதயத்தைச் சுற்றி ரத்தம் கட்டுகிறதா என்று தேடினார்கள். சர்ஜனின் கை ரம்பத்தின்மேல் இருந்தது. நான் கண்ணாடியில் குத்துவதை நிறுத்தியிருந்தேன்.

"கட்டலை" என்றார் ஸ்கேன் பார்த்தவர். "சுவர் நல்லா இருக்கு. கொஞ்சம் பொறுங்க."

நாற்பத்தெட்டு. ஐம்பத்தைந்து. எழுபது. சர்ஜன் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

வராந்தாவில் அம்மா ஓடிவந்து என் தோளைப் பிடித்தாள்.

"வந்துடுச்சும்மா. ரெண்டும் வந்துடுச்சு. உயிரோட இருக்கான்."

"நீ எங்கடி போய்த் தொலைஞ்சே இவ்ளோ நேரம்?"

"உள்ளதான் இருந்தேன். பாத்துக்கினு இருந்தேன்."

பளாரென்று அறைந்தாள். காது அடைத்துக்கொண்டது. வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "பெத்தவ இங்க செத்துக்கினு கெடக்கறேன், நீ வேடிக்கை பாத்துக்கினு இருந்தியா?" இன்னொரு அறை. அப்புறம் அதே கையால் என் தலையை நெஞ்சோடு இழுத்து அழுத்தினாள். மூச்சு முட்டியது.

மறுநாள் பகலில் ஐ.சி.யூ.வுக்குள் விட்டார்கள். தொடையில் இருந்த வயரை எடுத்துவிட்டுக் கழுத்து வழியாக வேறொன்று போட்டிருந்தார்கள். அது தலைமாட்டில் தொங்கிய ஒரு பெட்டியோடு சேர்ந்திருந்தது. சீழ் முழுக்க வற்றும்வரை, பத்துப் பன்னிரண்டு நாள், அதுதான் அவன் இதயம். அப்புறம்தான் வலது பக்கம் புதியதாக வைப்பார்கள். இனி மில் கிடையாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"உள்ள நின்னியாமே" என்றான். உதடு வெடித்திருந்தது.

"ஆமா."

"பயந்தியா?"

"இல்ல. இழு இழுன்னு கத்தினேன்."

"அடிப்பாவி" என்றான். சிரிக்கப் பார்த்தான், தையல் இழுத்தது, ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். "அந்தம்மா எப்படி?"

"உன்னைவிட நல்லா இழுக்கறாங்க."

கண்ணை மூடிக்கொண்டான். தூங்கிவிட்டான் என்று நினைத்து எழுந்தேன்.

"ஏய், இரு. கழுத்துல இன்னாமோ ஊறுது. தூக்கத்துல கை அங்கயே போவுது. காத்தால ரெண்டு வாட்டி நர்ஸ் புடிச்சித் தள்ளிச்சு." வலது கையைக் கம்பளிக்கு வெளியே எடுத்து என் பக்கம் நீட்டினான். "கட்டு."

நர்ஸிடம் கேட்டுப் பேண்டேஜ் துணி வாங்கிவந்து அவன் கையைக் கட்டிலின் கம்பியோடு சேர்த்துக் கட்டினேன். கட்டி முடித்ததும் இழுத்துப் பார்த்தான். முடிச்சு நழுவியது.

"இன்னாடி கட்டறே, பொட்டலம் கட்டற மாதிரி? இறுக்கு."

அவிழ்த்து, காலைக் கட்டிலில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினேன்.